பதினொன்றாம் அத்தியாயம்

நூற்றெண்பதாம் பக்கத்துக்குள்
கொலைகாரன் அகப்பட்டுவிட வேண்டும்.
பதிப்பாளர் என்னிடம் கேட்பது அவ்வளவுதான்.
நீதிமன்றம் அதைக்கூடக் கேட்பதில்லை.

மன்னார்குடியில் பகலெல்லாம் வாய்தா வாங்குகிறேன்.
சாட்சிக்குக் காய்ச்சல்,
எனக்குத் திருவாரூரில் வேறு கேஸ்,
நீதிபதிக்கு மாற்றல்.
ராத்திரி, பழைய வழக்குப் பட்டியல்களின் முதுகில்
நாவல் எழுதுகிறேன்.
அங்கே எவனுக்கும் காய்ச்சல் வருவதில்லை.
கூப்பிட்டவுடன் கூண்டேறி
முழு வாக்கியத்தில் பொய் சொல்கிறார்கள்.

"கதையில மட்டும் நம்ம கட்சிக்காரங்க
ஃபீஸ் பாக்கி வைக்கிறதில்லைம்மா" என்பார்
குமாஸ்தா கலியபெருமாள்.

இந்தத் தடவை எடுத்துக்கொண்டது
பாமணியாற்று மதகுக் கொலை.
ஊரை மாற்றினேன். ஆற்றை மாற்றினேன்.
முறைத்தண்ணீர்த் தகராறை மீன் குத்தகைத் தகராறாக்கினேன்.
செத்துப்போன பக்கிரிசாமிக்கு
ஒரு மீசையும் ஒரு தம்பியும் கொடுத்தேன்.
நிசத்தில் என் கட்சிக்காரன்
சந்தேகத்தின் பலனில் வெளியே வந்தவன்.
அந்தச் சந்தேகம் என் கைவேலை.
நிலா எத்தனை மணிக்கு எழும்பியது என்று
நாலாம் சாட்சியை மூன்று விதமாகக் கேட்டேன்.
பாவம், மூன்று நிலா காட்டினார்.

சம்பா அறுப்பு முடிந்த வாரம்
செங்கமலம் வந்தாள், பக்கிரிசாமியின் பெண்சாதி.
தலைமுடியில் பதர்த்தூசி.
பஸ் ஸ்டாண்டு கடையில் நாற்பது ரூபாய்க்கு விற்கிற
என் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.
பதினொன்றாம் அத்தியாயத்தில்
ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

"மக படிச்சுக் காட்டுனா.
செத்தவரு டார்ச்சு மூஞ்சியில
செவப்பு மிட்டாய்த்தாள் ஒட்டியிருந்துச்சின்னு
போட்டிருக்கீங்க."

ஆமாம். வெளிச்சம் எட்டத்துக்குத் தெரியாமலிருக்க.
எழுதி முடித்ததும்
எழுந்துபோய் ஒரு காப்பி போட்டுக் குடித்தேன்,
அவ்வளவு பிடித்திருந்தது அந்த வரி.

"அன்னைக்கு ராத்திரி சோத்துப் பருக்கையத் தேச்சி
நான்தான் ஒட்டுனேன்.
புள்ள தூங்கிடுச்சி. வேற யாரும் பாக்கல.
டார்ச்சு கெடைக்கவே இல்ல.
மகஜர்ல இல்ல, யாரும் கேக்கல, நானும் சொல்லல.
பதினாலு வாய்தாவும்
பின்பெஞ்சுல ஒக்காந்து கேட்டவ நான்."

பதில் தெரியாத கேள்வியைக்
குறுக்கு விசாரணையில் கேட்கக்கூடாது.
எங்களுக்கு முதல் பாடம் அது.
அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"ஒங்களுக்கு யாருங்க சொன்னா?"

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிதான்.
சொல்லி முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டான்.
சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.
கட்சிக்காரன் சொன்னது வக்கீலோடு போக வேண்டும்.
போய்விட்டதென்றுதான் இருந்தேன்.
ஆறு வருடம் கழித்து என் பேனாவில் முளைத்தபோது
என் சொந்தச் சரக்கு என்றே நம்பினேன்.
நம்பினேனா?
ஆட்சேபிக்க எதிரே யாருமில்லை.

"கற்பனைதாம்மா" என்றேன்.

மின்விசிறி சுற்றியது.
அப்பீல் கெடு எப்போதோ போய்விட்டது என்பது
எனக்குத் தெரியும்.
அவளுக்குத் தெரியுமா என்று
முகத்தில் படிக்கப் பார்த்தேன்.
முகம் படிப்பதெல்லாம் என் நாவல் வக்கீலுக்குத்தான் வரும்.

அவள் புத்தகத்தை என் பக்கம் திருப்பி
முதல் தாளைப் பிரித்தாள்.
"எழுதுனவங்க கையெழுத்துப் போட்டுத் தருவாங்களாமே."

பேனாவைத் திறந்து
புனைபெயரின் முதல் எழுத்தைத் தொடங்கினேன்.

"அது வேணாங்க.
கோர்ட்டுல போடுவீங்கள்ல, அந்தப் பேரு.
தேதியும் போடுங்க."